குளக்கரைக் கொட்டில்: நோர்வேஜியரின் ஓய்வும் நம்முடைய ஓய்வும்

நோர்வேயின் வேலைத்தலங்களில் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "ஹித்தேக்குப் போகிறாயா?" இதற்கு நான் பல வருடங்களாக "இல்லை, இந்தமுறை வீட்டில்தான்" என்று பதில் சொல்லி வந்தேன். அந்த "இந்தமுறை" என்ற சொல்லில் ஒரு சின்னப் பொய் இருந்தது, ஏதோ மற்றமுறைகளில் எல்லாம் போவதுபோல.

என் மகள் மூன்றாம் வகுப்பிற் படித்த காலத்தில், ஈஸ்ரர் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் நாள், விடுமுறையில் என்ன செய்தோம் என்பதைப் பிள்ளைகள் படமாக வரையவேண்டும். மகள் பனிமலை, மரக்குடில், புகைபோக்கி, தோடம்பழம் எல்லாம் வரைந்து கொண்டுவந்தாள். நாங்களோ அந்த ஈஸ்ரருக்கு வீட்டைவிட்டு வெளிக்கிட்டது ஒரு பிறந்தநாட் கொண்டாட்டத்துக்கு மட்டும். "ஏன் நடக்காததை வரைந்தாய்?" என்று கேட்டேன். "எல்லாரும் அதைத்தானே வரைகிறார்கள்" என்றாள்.

இந்த ஹித்தே என்ற விடயத்தைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் எனக்கு வந்தது. புகலிட நாடுகளின் அகதிச் சட்டங்கள், நிறவாதம், வேலையின்மை பற்றியெல்லாம் நாம் நிறையவே எழுதியும் விவாதித்தும் இருக்கிறோம். இந்த மனிதர் எப்படி ஓய்வெடுக்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை. ஓய்வு என்பது எழுதத்தக்க விடயமல்ல என்று நாம் நினைத்திருக்கலாம். அல்லது அது நமக்குரியதல்ல என்று.

ஹித்தே என்றால் குடில். ஏரிக்கரையிலோ, மலையிலோ, காட்டிலோ, கடலோரத்திலோ ஒரு குடும்பம் ஓய்வுக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது வீடு. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழும் இந்நாட்டில் இப்படியான ஓய்வு வீடுகள் நான்கு இலட்சத்துக்கும் அதிகம். பின்லாந்துக்காரரிடம் இதுவே "மொக்கி" என்ற பெயரில், பெரும்பாலும் ஏரிக்கரையில், நீராவிக் குளியலறையோடு சேர்ந்து இருக்கும். அங்கும் எண்ணிக்கை ஐந்து இலட்சம் அளவில். இந்த எண்ணிக்கைகளைப் பார்த்து இது பணக்காரரின் விளையாட்டு என்று நாம் அவசரப்பட்டு முடிவெடுத்துவிடக்கூடாது. மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத பழைய குடில்களை வைத்திருந்தவர்களிற் பலர் சாதாரண தொழிலாளர்களும் ஆசிரியர்களும்தான்.

இது ஆதிகாலந்தொட்டு வந்த வழக்கம் என்று நோர்வேஜியர் சொல்லிக்கொள்வர். பாதி உண்மை. கமக்காரர் கோடையில் மாடு ஆடுகளை மலைமேய்ச்சலுக்குக் கொண்டுபோய், அங்கே "சேத்தர்" எனப்படும் குடில்களில் தங்கிப் பால் கறந்து வெண்ணெயும் பாற்கட்டியும் செய்த வழக்கம் பழையது. ஆனால் அங்கே தங்கிய பெண்களுக்கு அது ஓய்வல்ல, விடியற்காலை தொடங்கி இரவுவரை முறிகிற வேலை. மலைக்குப் போவதை இன்பமாகக் கண்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நகரத்துப் படித்தவர்கள். "திறந்தவெளி வாழ்வு" என்று பொருள்படும் "ஃப்ரிலுஃப்த்ஸ்லீவ்" என்ற சொல்லை இப்சன் 1859இல் எழுதிய ஒரு நெடுங்கவிதையிற் காணலாம். 1868இல் நோர்வே சுற்றுலாச் சங்கம் தோன்றி மலைகளிற் பொதுக்குடில்களை அமைக்கத் தொடங்கியது. இன்று அதனிடம் 500க்கும் மேற்பட்ட குடில்கள் உண்டு.

இந்த இன்பம் தொழிலாளிக்குக் கிடைத்தது கவிதையால் அல்ல, சட்டத்தால். 1919இல் எட்டு மணிநேர வேலைநாள். 1936இல் சம்பளத்துடன் ஒன்பது நாள் விடுமுறை. போர் முடிந்தபின் 1947இல் மூன்று வாரம். விடுமுறை கிடைத்தும் போவதற்கு வாகனம் வேண்டுமே. தனியார் கார் வாங்குவதற்கு இருந்த கட்டுப்பாட்டை நோர்வே 1960இல்தான் நீக்கியது. அதற்குப் பிறகே ஏரிக்கரைகளெங்கும் தச்சுவேலை தெரிந்தவனும் தெரியாதவனும் மச்சானையும் அயலவனையும் சேர்த்துக்கொண்டு தன் கையாலேயே குடில் கட்டத் தொடங்கினான். மார்க்சின் மருமகன் லபார்க் 1880இல் சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றி எழுதியதை நம்மிற் சிலர் ஒருகாலத்தில் வட்டமாக இருந்து வாசித்திருக்கிறோம். வாசித்துவிட்டு இரண்டு வேலைக்குப் போனோம்.

இனி 1957ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டத்துக்கு வருவோம். எனக்கு இந்த நாட்டில் மிகவும் வியப்பைத் தந்த சட்டம் இதுதான். "எல்லா மனிதரின் உரிமை" என்று அவர்கள் அழைக்கும் பழைய வழமையை இது எழுத்தில் வைத்தது. பயிரிடப்படாத நிலத்தில், அது யாருடைய சொந்தமானாலும், எவரும் வருடம் முழுவதும் நடக்கலாம். பயிர்நிலத்தில் நிலம் உறைந்தோ பனி மூடியோ இருக்கும்போது நடக்கலாம். ஏப்ரல் 30 முதல் ஒக்ரோபர் 14 வரை கூடாது. ஆட்கள் வாழும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ 150 மீற்றர் தள்கிக் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கலாம். உரிமையாளரைக் கேட்கத் தேவையில்லை. ஏரியிற் குளிக்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம். மீன்பிடிக்க மட்டும் பொதுவாகச் சீட்டு வாங்கவேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை காட்டுக்குள்ளும் காட்டருகிலும் நெருப்பு மூட்டத் தடை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்கு இது எப்படி விளங்கும்? வேலி அடைப்பில் அரை அடி தள்ளிப்போனதற்காக இரண்டு தலைமுறை வழக்காடிய குடும்பங்களை நாம் அறிவோம். என் பெரியப்பாவே அப்படி ஒரு வழக்கில் காணியின் பெறுமதியைவிட அதிகமாகப் பிரக்கிராசிக்குக் கொடுத்தவர். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையில் காணி விற்கும்போது பங்காளிக்கு முன்னுரிமை உண்டு. நோர்வேயிலும் கமத்தை இரத்த உறவு மீட்டெடுக்கும் "ஓடல்" உரிமை 1814ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே காக்கப்பட்டிருக்கிறது. ஆகவே காணிப்பற்றில் இவர்கள் நமக்குக் குறைந்தவர்களல்லர். காணி தன்னுடையது என்பதையும் அதில் அயலான் நடக்கலாம் என்பதையும் ஒரே நேரத்தில் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதே கேள்வி. சனம் குறைவு, நிலம் அதிகம் என்று சொல்லித் தப்பிவிடலாம். அது மட்டுமே காரணமானால் இவர்களைப்போலவே நிலம் கூடிய நாடுகளிலெல்லாம் இந்த உரிமை இருக்கவேண்டும். இல்லை. நோர்வேயில் நிலப்பிரபுத்துவம் பலமாக வேரூன்றவில்லை என்பதையும், கமக்காரர் பெரும்பாலும் சுயாதீனமாக இருந்தனர் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்பது என் எண்ணம். வேலிக்குப் பின்னால் சாதியும் நின்ற நமது ஊரோடு இதை ஒப்பிடுபவர்கள் அதையும் மறந்துவிடக்கூடாது.

2004ஆம் ஆண்டு கோடையில் அம்மா மூன்று மாத விசாவில் வந்திருந்தார். எனது வேலைத்தலத்தின் தொழிற்சங்கத்துக்கு வால்ட்ரெஸ் பகுதியில் ஓர் ஏரிக்கரையிற் குடில் இருந்தது. அங்கத்தவர்கள் சீட்டுக்குலுக்கலிற் பெயர் கொடுத்தால் வருடத்தில் ஒரு வாரம் மிகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். நோர்வேயின் பல தொழிற்சங்கங்களிடமும் நிறுவனங்களிடமும் இப்படிக் குடில்கள் உண்டு. நம்மவர் பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் கேட்பதில்லை. மகளின் படத்தை நினைத்து நான் பெயர் கொடுத்தேன், விழுந்தது. இரண்டு நண்பர்களின் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு பதினொரு பேர் போனோம். ஆறு பேருக்கான குடில்.

அம்மா இறங்கிச் சுற்றிவரப் பார்த்தார். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விளக்கு. குழாய் இல்லை, ஏரியில் வாளியால் அள்ளவேண்டும். கக்கூசு முப்பது யார் தள்ளி மரப்பெட்டிபோல் நிற்கிறது. விறகடுப்பு.

"இதுக்கே தம்பி காசு குடுத்து வந்தனீங்கள்?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு சனமாக வெளிக்கிட்டு, தென்மராட்சியிலிருந்து வன்னிக்குப் போய், அக்கராயன் குளத்தடியில் ஏழு மாதம் ஒரு கொட்டிலில் இருந்தவர் அவர். குளம், வாளி, விறகு, விளக்கு, எட்டத்துக் கக்கூசு: எல்லாம் அதே சாமான்கள். அங்கே மலேரியாவும் இருந்தது, அரிசிக்கு வரிசையும் இருந்தது. எங்களுக்கு அந்த ஏழு மாதமும் இங்கிருந்து ஒரு கடிதமும் ஒழுங்காகப் போய்ச்சேரவில்லை. அம்மா அங்கே எப்படி இருந்தார் என்று நான் அதுவரை விபரமாகக் கேட்டதும் இல்லை. கேட்க நேரமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை எழும்பிப் பார்த்தால் அடுப்பு எரிகிறது. ஈரவிறகை எப்படி அடுக்கவேண்டும், கரையில் கலங்காமல் எந்த இடத்தில் தண்ணீர் அள்ளவேண்டும் என்பதெல்லாம் எங்கள் எவரையும்விட அவருக்குத் தெரிந்திருந்தது. பேரப்பிள்ளைகளுக்கு விறகு பிளக்கப் பழக்கினார். அவர்கள் அப்பம்மாவை ஏதோ மலையேறிபோலப் பார்த்தார்கள். அன்று பின்னேரம் விறாந்தையில் இருந்துகொண்டு, கேட்காமலே, அக்கராயனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். யூன் மாதத்து வெளிச்சம், இரவு பதினொரு மணிக்கும் புத்தகம் வாசிக்கலாம். ரீவியும் இல்லை, ரெலிபோனும் எடுக்காது. அவர் சொல்லி முடிக்க நேரம் இருந்தது. ஒஸ்லோவில் எங்கள் வரவேற்பறையில் அவர் அதைச் சொல்லியிருக்கமாட்டார் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். அங்கே ஒன்றில் சமையல், அல்லது விருந்தாளி, அல்லது ஊர்ச்செய்தி.

அவருக்குக் கடைசிவரை பிடிபடாதது படலை இல்லாததுதான். யாரோ முன்பின் தெரியாத தம்பதியர் முதுகிற் பையோடு குடிலுக்கும் ஏரிக்கும் இடையால் நடந்து போனார்கள், கையசைத்தார்கள். "ஆர் இவை? ஏன் எங்கடை வளவுக்குள்ளாலை போகினம்?" நான் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தை விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப எங்களையும் ஒருத்தரும் மறிக்கேலாது" என்றார். சட்டத்தின் மறுபக்கத்தை அவர் என்னைவிட வேகமாகக் கண்டுகொண்டார்.

ஆனால் அந்த வாரத்தை ஒரு சொர்க்கமாக வர்ணித்துவிட்டுப் போனால் என் மனைவி இக்கட்டுரையை எரித்துவிடுவார். மூன்றாம் நாள் அவர் சொன்ன வாக்கியம் இது: "உங்களுக்கு ஓய்வு, எனக்குக் குசினி இடமாற்றம்." பதினொரு பேருக்கு மூன்று நேரம், இரண்டு கறியோடு, விறகடுப்பில். ஆண்கள் தூண்டிலோடு கரையில் இருந்து மூன்றாம் உலகப் பொருளாதாரம் பேசினோம். ஒரு மீனும் பிடிபடவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். நோர்வேஜியப் பெண்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. வீட்டிலிருந்த வேலை, வசதி குறைந்த இடத்தில் இரட்டிப்பாகிறது என்பது இங்கும் பழைய முறைப்பாடு. அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று சாப்பாட்டைச் சுருக்கியது: ரொட்டி, பழுப்புப் பாற்கட்டி, சொசேஜ், ஒரு சொக்லேற். ஈஸ்ரருக்கு மலைக்குப் போகிற ஒவ்வொரு பையிலும் ஒரே சொக்லேற்றும் தோடம்பழமும் இருப்பதைப் பார்த்து நாம் நகைக்கிறோம். அந்த எளிமையில் ஒரு பெண்ணின் ஒரு மணித்தியாலம் மிஞ்சுகிறது. நாலாம் நாள் எங்களிடையே ஒரு கடும் விவாதத்தின்பின் சமையல் பங்கிடப்பட்டது. அன்றைய மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

அந்த இரண்டு நண்பர்களும் ஊரில் இருந்த காலத்தில் வெவ்வேறு இயக்கங்களை ஆதரித்தவர்கள். ஒஸ்லோவில் ஒரே மண்டபத்துக்கு வந்தால் எதிரெதிர் மூலைகளில் நிற்பார்கள். மனைவிமார் சிநேகிதிகள் என்பதால் வந்தார்கள். அவர்கள் அங்கே சமரசமாகிவிட்டார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, இன்றுவரை ஆகவில்லை. ஆனால் ஒரே வாளியை ஒருவர் அள்ளக் கொடுத்து மற்றவர் வாங்கவேண்டியிருந்தது. குடிலில் மூலைகள் போதாது.

குடிலுக்கென்று சில முறைகள் உண்டு. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது விறகு விதி: நீ வரும்போது அடுக்கியிருந்த அளவு விறகை, போகும்போது அடுத்தவருக்காக அடுக்கிவைத்துவிட்டுப் போகவேண்டும். சுற்றுலாச் சங்கத்தின் ஆளில்லாக் குடில்களில் உணவுப்பொருட்களும் அலுமாரியில் இருக்கும். எடுத்ததைக் கணக்கெழுதிப் பணத்தைச் செலுத்துவது வருகிறவரின் நேர்மை. மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்பது விதிகள் உண்டு. 1967 ஈஸ்ரரில் மலையில் 18 பேர் இறந்தபின் அவை நாடெங்கும் பரப்பப்பட்டன. அவற்றில் ஒன்று, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. துரோகி, தியாகி என்ற இரண்டு சொற்களுக்கிடையில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இப்படி ஒரு விதியைப் பாடசாலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள் என்பதே புதினம்.

பிறகு குடிற்புத்தகம். வருகிற ஒவ்வொருவரும் திகதி, காலநிலை, பிடித்த மீன், வந்தவர் பெயர் என்று இரண்டு வரி எழுதிவைப்பர். அம்மா தமிழில் எழுதினார்: "தண்ணி நல்லது. ஒரு கிணறு வெட்டினால் வசதி."

இந்தக் குடில் என்பது இந்த மக்களுக்கு எவ்வளவு ஆழமானது என்பது 2020இல் வெளிப்பட்டது. கொரோனா பரவத் தொடங்கிய மார்ச் மாதத்தில், சொந்த நகரசபை எல்லைக்கு வெளியேயுள்ள தம் குடிலில் இரவு தங்குவதை அரசு தடைசெய்தது. சிறிய ஊர்களின் வைத்தியசாலைகள் நகரத்தாரைத் தாங்கமாட்டா என்பது காரணம். ஏப்ரல் 20இல் தடை நீங்கும்வரை இதைப்பற்றி எழுந்த ஆதங்கத்தைக் கேட்டு நான் முதலிற் சினந்தேன். சொந்த வீட்டுக்குப் போகமுடியாத ஒரு மாதம்! உயர்பாதுகாப்பு வலயத்தில் வீடு அகப்பட்டு இருபது வருடத்துக்கு மேல் போகமுடியாதிருந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பிறகு, என்னோடு வேலைசெய்யும் ஒரு முதியவர், மனைவி இறந்து முதல் ஈஸ்ரருக்கு அவர் கட்டிய குடிலுக்குப் போகமுடியவில்லை என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். இழப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அளப்பதை நான் அன்று நிறுத்திக்கொண்டேன். முழுதாக அல்ல.

ஏரிக்கரைக் குடிலை நாடி வந்த அந்நியரில் மிகப் புகழ்பெற்றவர் விற்கென்ஸ்ரைன். 1913இல் ஷோல்டன் என்ற கிராமத்துக்கு வந்த இந்த ஒஸ்திரியத் தத்துவவாதி, 1914இல் ஏரிக்கு மேலே பாறைச்சரிவில் ஒரு குடிலைக் கட்டத் தொடங்கினார். 1936, 37இல் அங்கே தனியே தங்கித் தன் பிற்காலத் தத்துவத்தை எழுதினார். ஊரார் அதற்கு வைத்த பெயர் "ஒஸ்திரியா". அவருக்குப் பிறகு அது கழற்றப்பட்டுக் கிராமத்துக்குள் கொண்டுபோகப்பட்டது. 2019இல் மறுபடி பழைய அத்திவாரத்தின்மேல் நிறுத்தப்பட்டது. ஆழ்சூழலியல் என்ற கருத்தை 1973இல் முன்வைத்தவரும் காந்தியைப் பற்றி நூல்கள் எழுதியவருமான ஆர்ன நேஸ், ஹல்லிங்ஸ்கார்வெ மலையடியில் ஏறத்தாழ 1500 மீற்றர் உயரத்தில் கட்டிய குடிலில் தன் வாழ்நாளின் பல வருடங்களைக் கழித்தார். இவர்களை நம் அறிவுஜீவிகள் விரும்பி மேற்கோள் காட்டுவதுண்டு. ஆனால் இவர்களுடையது தனிமையின் குடில். நான் பேசுவது பிள்ளைகளும் கிழவிகளும் ஈரக் காற்சட்டைகளும் நிறைந்த மற்றக் குடிலைப் பற்றி. சிந்தனைக்குத் தனிமை வேண்டும் என்பது உண்மையாயிருக்கலாம். நம்மிற் பலர் தனிமையிலேயே போதியளவு இருந்துவிட்டோம், தனியறைகளில், இரவு வேலைகளில்.

இந்தக் குடிலைக் குற்றஞ்சாட்டவும் நிறைய உண்டு. இன்று கட்டப்படுபவை வாளியும் விளக்குமான குடில்களல்ல, சூடேற்றிய நிலமும் இரட்டைக் குளியலறையும் கொண்ட மாளிகைகள். அவற்றுக்காக மலைகளில் தெரு வெட்டப்படுகிறது, சதுப்பு நிலம் தோண்டப்படுகிறது. காட்டுத் துருவமான்களின் வழித்தடங்கள் துண்டாகின்றன. சாமி மக்களின் மேய்ச்சல் நிலங்களும் தப்பவில்லை. 2024 சனவரியில் நோர்வேயின் அரச ஒலிபரப்பு நிறுவனம் செய்மதிப் படங்களை ஆராய்ந்து, ஐந்து வருடங்களில் ஏறத்தாழ 44,000 இடங்களில் இயற்கை அழிக்கப்பட்டதாக வெளியிட்டது. காரணங்களில் குடில் கட்டுதலும் ஒன்று. இயற்கையை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அதைத் தின்கிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்குமுன், நம்மவர் ஊரிற் கட்டியிருக்கும் வீடுகளையும் ஒருமுறை பார்க்கவேண்டும். மேல்மாடி, ரைல்ஸ், குளிரூட்டி, வாசலில் ஒரு காவற்காரக் கிழவர். வருடத்தில் மூன்று வாரம் திறக்கப்படும். மற்றைய நாளெல்லாம் பூட்டு.

எங்கள் வீடும் அப்படித்தான் இருக்கிறது, மாடி மட்டும் இல்லை. அம்மா 2011இல் காலமானார். நாங்கள் நான்கு சகோதரர், மூன்று நாடுகளில். வீட்டை விற்பதா என்று இரண்டு வருடமாகப் பேச்சு நடக்கிறது. கனடாவிலுள்ள அண்ணர் விற்கச் சொல்கிறார், பூட்டிய வீடு கறையானுக்குத்தான் என்கிறார், அது சரி. தங்கச்சி விற்கவே கூடாது என்கிறா, அம்மாவின் வீடு என்கிறா, அதுவும் சரி. நான் கடைசியாகப் பேசியபோது, அதைக் குடிலாக வைத்திருப்போம் என்றேன். பூசி மெழுக வேண்டாம், கிணறும் விறகடுப்பும் போதும். சகோதரரின் பிள்ளைகள் முறைவைத்து வந்து தங்கட்டும், நாங்கள் இல்லாத மாதங்களில் அயலில் வீடில்லாத ஒரு குடும்பம் இருக்கட்டும், அலுமாரியில் ஒரு கொப்பி இருக்கட்டும். அண்ணர் ரெலிபோனில் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "விறகு ஆர் அடுக்கிறது?" என்று கேட்டார்.

அடுத்த கூட்டம் மார்கழியில். தொழிற்சங்கக் குடிலுக்கும் மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன். இந்தமுறை மகள் தன் இரண்டு பிள்ளைகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பழைய குடிற்புத்தகம் அங்கே இருந்தால் பாட்டியின் வரியைத் தேடிப் படம் எடுக்கவேண்டுமாம். சமையல் அட்டவணை இப்போதே என் மனைவியின் கையில் இருக்கிறது. என் பெயர் அதில் மூன்று இடத்தில்.